சிறிய பள்ளிக்கும் கலை ஆசிரியர் வேண்டும்

கோவை மாவட்டத்து வள்ளி ஒயில் கும்மிக் கலைஞர் பத்ரப்பனுக்கு 2024-இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டபோது கொங்கு நாடே மகிழ்ந்தது. ஆண்களே ஆடிவந்த கும்மியைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்த ஆசான் அவர். ஆனால், அவர் பிறந்த மாவட்டத்திலேயே ஓர் ஊராட்சி ஒன்றியப் பள்ளி மாணவி கும்மியையோ பறையையோ ஓவியத்தையோ வாரந்தோறும் முறையாகக் கற்க முடிகிறதா? பெரும்பாலான கிராமங்களில் முடிவதில்லை.

2022-23 முதல் அரசுப் பள்ளிகளில் நடக்கும் கலைத் திருவிழாவும், வென்றவர்களுக்கு அளிக்கப்படும் கலையரசன், கலையரசி பட்டங்களும் வரவேற்கத்தக்கவை. ஆனால் கற்றதைக் காட்டத்தான் போட்டி. கற்பிக்க ஆள் வேண்டும். நகரத்தில் கட்டணம் கட்ட முடிந்த வீட்டுப் பிள்ளைகள் சனி, ஞாயிறுகளில் பரதமும் கீபோர்டும் கற்கிறார்கள். தறிக்கூடத்துக்கும் செங்கல் சூளைக்கும் கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியை விட்டால் வேறு போக்கிடமில்லை.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளிக்கே பகுதிநேரக் கலை ஆசிரியரைக் கட்டாயமாக்குகிறது. ஆனைகட்டியின் பழங்குடிக் கிராமங்களும் வால்பாறை எஸ்டேட்டுகளும் நூறு பிள்ளைகளுக்கு எங்கே போகும்? கலை வகுப்பு யாருக்கு மிகவும் தேவையோ, அவர்களையே இந்தக் கணக்கு வெளியே நிறுத்துகிறது.

ஆசிரியர் இருக்கும் இடத்திலும் நிலைமை நிறைவாக இல்லை. 2012-இல் ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்காகச் சுமார் 16,500 பகுதிநேர ஆசிரியர்கள் வாரம் மூன்று அரை நாள் வேலைக்கு, மாதம் 5,000 ரூபாய் தொகுப்பூதியத்தில் நியமிக்கப்பட்டனர். ஊதியம் பிறகு சிறுகச் சிறுக உயர்ந்தது. பணி நிரந்தரம் செய்வதாக 2021 தேர்தல் அறிக்கையில் 181-ஆவது வாக்குறுதியாக தி.மு.க. சொன்னது. ஆனால், அது ஆட்சிக்கு வந்த பிறகும் அந்த ஆசிரியர்கள் அதற்காகத் தெருவில் இறங்கிப் போராட வேண்டியிருந்தது. நாளைய பிழைப்பு நிச்சயமில்லாதவரிடம் நிம்மதியாகப் பாடம் நடத்தச் சொல்வது நியாயமா?

கொங்கு மண்ணில் ஆசான்களுக்குப் பஞ்சமில்லை. அண்ணன்மார் கதையை இரவெல்லாம் உடுக்கையடித்துப் பாடுகிறவர்கள், பறை, ஜமாப், பெருஞ்சலங்கையாட்டம் பழக்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சான்றிதழ் இல்லை என்பதே அவர்களுக்குப் பள்ளி வாசலில் நிற்கும் தடை. நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதிவு பெற்றிருப்பதையே தகுதியாக ஏற்கலாம்.

பள்ளியில் கலை கற்பிக்க இவற்றைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. ஊருக்குள் பறை ஒரு தெருவுக்கும் கும்மி இன்னொரு தெருவுக்கும் உரியவையாகவே பல இடங்களில் இருக்கின்றன. காலனிப் பிள்ளையும் ஊர்ப் பிள்ளையும் ஒரே வட்டத்தில் நின்று இரண்டையும் கற்க அரசுப் பள்ளியைப் போல் வேறு இடம் இல்லை.

எனவே மூன்று முடிவுகளை அரசு தாமதமின்றி எடுக்க வேண்டும். நூறு பிள்ளைகள் என்ற வரம்பைக் கைவிட்டு, குறுவள மையம்தோறும் ஓர் ஓவிய ஆசிரியரையும் ஓர் இசை ஆசிரியரையும் நியமித்துச் சுற்றியுள்ள சிறிய பள்ளிகளுக்கு முறைவைத்து அனுப்ப வேண்டும். பகுதிநேர ஆசிரியர்களை நிரந்தரமாக்க வேண்டும். உள்ளூர்க் கலைஞர்களை மாத ஊதியத்தில் பயிற்றுநர்களாக்க வேண்டும். ஆசான்களுக்கு முதுமையில் விருது கொடுத்தால் மட்டும் போதாது. அவர்களுக்கு மாணவர்களையும் கொடுப்பதே அரசின் கடமை.