தடை வேண்டாம், இடம் வேண்டும்

எங்கள் வகுப்பில் சிறுகதை எழுதும் தோழியர் சிலர் இருக்கிறார்கள். அவர்களது கதாநாயகி 'பிளஸ் டூ' படிக்கிறாள், உயர்தரம் படிப்பதில்லை. வீட்டில் வாப்பா, உம்மா, ராத்தா என்று அழைப்பவர்கள் கதையில் அவர்களை அப்பா, அம்மா, அக்கா ஆக்கிவிடுகிறார்கள். இதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பார்க்கும் தொடரும் வாசிக்கும் நாவலும் பெரும்பாலும் தமிழ்நாட்டிலிருந்து வருவதால் தானாகவே படிந்துவிட்டது.

"நல்ல படைப்பு எங்கிருந்து வந்தால் என்ன?" என்று என் வாப்பா கேட்பார். நியாயமான கேள்வி. தமிழகத்தின் எழுத்தும் நம் மொழியின் சொத்துத்தான். ஆனால் போட்டி சமமானதல்ல. அங்கே 7 கோடிக்கும் அதிகமான மக்கள். இங்கே தமிழ் பேசுவோர் ஏறத்தாழ 50 இலட்சம். அங்கே எடுக்கப்படும் தொடர் அங்கேயே முதலை மீட்டுவிடுகிறது. ஆகவே இங்குள்ள தொலைக்காட்சிக்குப் புதிதாக ஒன்றைத் தயாரிப்பதை விட அதை வாங்குவது மலிவு. நம் எழுத்தாளரோ பெரும்பாலும் கைக்காசைப் போட்டுச் சில நூறு பிரதிகள் அச்சிடுகிறார். திறமை குறைவு என்பதல்ல, சந்தை சிறியது.

இதற்கு ஒருமுறை தடை போட்டுப் பார்த்தோம். 1970 முதல் 1977 வரை ஆட்சியிலிருந்த அரசாங்கம் இந்திய சஞ்சிகைகளின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. அக்காலத்தில் வீரகேசரி நிறுவனம் உள்ளூர் நாவல்களை வரிசையாக வெளியிட்டது. வன்னிக் கிராமத்தைச் சொல்லும் பாலமனோகரனின் 'நிலக்கிளி', மீனவர் வாழ்வைச் சொல்லும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' ஆகியவை அப்படி வந்தவையே. 'வாடைக்காற்று' 1978 இல் இங்கேயே திரைப்படமாகவும் வந்தது. ஆனால் திறந்த பொருளாதாரம் வந்ததும் இந்திய சஞ்சிகைகள் மீண்டும் குவிந்தன; அந்த நாவல் வரிசையும் பின்னர் ஓய்ந்தது. தடை வாசகரின் உரிமையைப் பறிக்கிறது; ஆட்சி மாறினால் கரைந்தும் போகிறது.

கனடா வேறு வழியில் சென்றது. அமெரிக்காவை அயலில் வைத்துக்கொண்டிருக்கும் அந்நாடு, வானொலிகள் ஒலிபரப்பும் பாடல்களில் 30 வீதம் கனடியப் பாடல்களாக இருக்க வேண்டும் என்று 1971 இல் விதித்தது. பின்னர் அது 35 வீதமாக உயர்ந்தது. அமெரிக்கப் பாடல்களை எவரும் தடுக்கவில்லை. தம்மவருக்கு ஓர் இடத்தை மட்டும் ஒதுக்கினார்கள்.

நாமும் அப்படிச் செய்யலாம். தமிழ் அலைவரிசைகள் வாரத்தில் சில மணித்தியாலங்களை உள்ளூர் நாடகங்களுக்கு ஒதுக்கட்டும். பாடசாலை நூலகங்கள் தமிழ் நூல் வாங்கும் பணத்தில் மூன்றில் ஒரு பங்கை இலங்கை நூல்களுக்கு வைக்கட்டும். பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள்: அடுத்த புத்தகக் கண்காட்சியில் நீங்கள் வாங்கும் நூல்களில் ஒன்றாவது இங்கே எழுதப்பட்டதாக இருக்கட்டும். முதல் நூலின் பிரதிகள் விற்றால்தான் நம் எழுத்தாளரால் இரண்டாவது நூலை அச்சுக்குக் கொடுக்க முடியும்.