ஒரே சுவருக்கு இருபுறமும் விற்பனைப் பலகை

டெல்டா மாவட்டம் ஒன்றிலிருந்து சகோதரி ஒருவர் நான்கு பக்கங்களில் ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். அவருடைய கணவர் நீண்ட காலம் வளைகுடாவில் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவர். மகன் சென்னையில் குடும்பத்தோடு இருப்பதால், ஊர் வீட்டை விற்றுவிட்டு அங்கேயே குடிபெயர முடிவு செய்து 42 இலட்சம் ரூபாய் விலை சொல்லியிருக்கிறார்கள். அதே மாதத்தில் அண்டை வீட்டு மாமியும் தம் வீட்டை விலைக்கு வைத்துவிட்டார். அவர் விதவை. மறைந்த கணவர் விட்டுச் சென்ற கடனை அடைக்க அவருக்கு வேறு வழி இல்லை. இரண்டு வீடுகளுக்கும் இடையே இருப்பது ஒரே ஒரு பொதுச் சுவர்.

வெளியூர்க்காரர் ஒருவர் இரண்டு வீடுகளையும் பார்த்தார். மாமியின் வீட்டை 38 இலட்சத்திற்குப் பேசி முடித்தார். மாமியும், "சம்மதம், வியாழக்கிழமை முன்பணம் கொண்டுவாருங்கள்" என்று சொல்லிவிட்டார். அன்றிரவே தரகர் இந்தச் சகோதரியின் கணவரிடம் வந்து, "நீங்கள் 36-க்கு இறங்கினால் அந்த ஆளை இந்தப் பக்கம் திருப்பிவிடுகிறேன்" என்றாராம். கணவருக்கு விருப்பம். முன்பணம் கைமாறாத வரை எதுவும் முடிவானதல்ல என்பது அவர் வாதம். மேலும், "நான் அவர்களுடைய வீட்டையா விற்கிறேன்? என் வீட்டைத்தானே விற்கிறேன்" என்றும் கேட்கிறாராம். மார்க்கம் என்ன சொல்கிறது என்பது சகோதரியின் கேள்வி.

கணவரின் வாதம் கேட்பதற்கு நியாயமாகவே தோன்றும். ஆகவே அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

வியாபாரத்தில் போட்டியை இஸ்லாம் தடுக்கவில்லை. இரு வீட்டாரும் ஒரே நேரத்தில் விலைக்கு வைப்பதும், வாங்க வருபவர் இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பதும், ஒருவர் மற்றவரைவிடக் குறைத்து விலை சொல்வதும் ஆகுமானவையே. ஏலம் கூறி விற்பதையும் நம் இமாம்களில் பெரும்பாலோர் கூடுமென்றே கூறியுள்ளனர். வீடுகள் அருகருகே இருக்கின்றன என்பதற்காக ஒருவர் தம் வீட்டை விற்காமல் காத்திருக்க வேண்டுமென்று எவரும் சொல்லவில்லை.

ஆனால் ஓர் எல்லைக்கோடு உண்டு. ஒருவர் வியாபாரம் பேசி முடித்ததன்மேல் மற்றொருவர் தம் வியாபாரத்தை நுழைப்பதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்துள்ளார்கள். இச்செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் பதிவாகியுள்ளது. பேரம் நடந்துகொண்டிருக்கும் நிலைக்கும், பேரம் படிந்துவிட்ட நிலைக்கும் ஃபிக்ஹு நூல்கள் வேறுபாடு காண்கின்றன. விற்பவர் இன்னும் தலையசைக்காத நிலையில் அடுத்தவர் விலை கூறலாம். விலை தீர்ந்து, விற்பவர் வெளிப்படையாகச் சம்மதம் சொன்ன பிறகு குறுக்கே புகுந்து அதைக் கலைப்பது ஹராம். இங்கே மாமி வாய்விட்டே சம்மதம் சொல்லிவிட்டார்.

இனி, "என் வீட்டைத்தானே விற்கிறேன்" என்ற கேள்வி. இதற்கு விடை தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. இந்தத் தடையை விளக்க ஃபிக்ஹு ஆசிரியர்கள் வழக்கமாகக் காட்டும் உதாரணமே இதுதான். ஒரு பொருளைப் பேசி வைத்தவரிடம் போய், "அதை விட்டுவிடு, அதே போன்றதை நான் குறைந்த விலைக்குத் தருகிறேன்" என்று சொல்வது. பொருள் நம்முடையதாக இருப்பது இதை ஆகுமாக்கிவிடாது. கலைக்கப்படுவது அடுத்தவருடைய உடன்பாடு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது.

முன்பணத்தைப் பற்றிய வாதமும் இப்படியே. நம் காலத்தில் முன்பணம் என்பது வாக்குக்கு அத்தாட்சியாகிவிட்டது. நாளடைவில் அத்தாட்சி மட்டும் நிலைத்து, வாக்கு மறைந்துபோயிற்று. மார்க்கம் பார்ப்பது இருவரும் ஒப்புக்கொண்டார்களா என்பதையே. இந்தத் தடையை மீறி ஒருவர் விற்றுவிட்டால் அந்தக் கிரயம் செல்லும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. பத்திரம் பதிவாகும், பணம் வரும், பாவமும் உடன் வரும். சிலர் "கிரயம் செல்லும்" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிறார்கள். முழு மஸ்அலாவையும் உட்கார்ந்து கேட்கும் பொறுமை நமக்கு எப்போதுமே குறைவுதான்.

ஆனால் வாசல் முழுதும் அடைபட்டுவிடவில்லை. வந்தவர் தாமாகவே மாமியின் வீட்டை வேண்டாமென்று விட்டுவிட்டால், அல்லது மாமியே, "எனக்கு வேறு ஆள் இருக்கிறார், நீங்கள் பேசிக்கொள்ளுங்கள்" என்று அனுமதித்துவிட்டால் தடை நீங்கிவிடும். முதலாமவர் அனுமதித்தாலன்றி என்ற விலக்கு முஸ்லிமில் வரும் அறிவிப்பிலேயே இருக்கிறது. ஆகவே தரகரிடம் இப்போது சொல்ல வேண்டிய பதில், "அந்தப் பேச்சு முறிந்தால் அவரே வரட்டும். நாமாகப் போய் முறிக்க வேண்டாம்" என்பதுதான். தரகர் இதை விரும்பமாட்டார். அவருக்கு எந்த வீடு விற்றாலும் கமிஷன் ஒன்றுதான்.

அண்டை வீட்டார் என்ற உரிமையைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும். புகாரியில் ஷுஃப்ஆ, அதாவது முன்வாங்கும் உரிமை பற்றிய பாடம் மிகச் சிறியது. மூன்றே மூன்று ஹதீஸ்கள். அவற்றில் ஒன்று நபிகளாரிடம் ஊழியம் செய்த அபூராஃபிஉ (ரலி) அவர்களைப் பற்றியது. ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்களின் வளாகத்திற்குள் அபூராஃபிஉக்கு இரண்டு வீடுகள் இருந்தன. அவற்றை வாங்கிக்கொள்ளுமாறு அவர் ஸஅதிடமே வந்து கேட்டார். ஸஅத் முதலில் மறுத்தார். அருகிலிருந்த மிஸ்வர் (ரலி) வற்புறுத்திய பின், நாலாயிரத்திற்கு மேல் தரமாட்டேன், அதுவும் தவணையாகத்தான் தருவேன் என்றார். அபூராஃபிஉக்கோ வேறொருவர் 500 தீனார் தருவதாகக் கூறியிருந்தார். ஒரு தீனார் பத்துத் திர்ஹம் என்று கணக்கிட்டால் அது ஐயாயிரம். ஆயிரம் குறைவு, அதிலும் தவணை. இருந்தும், அண்டை வீட்டாருக்கே நெருக்கத்தின் காரணமாக உரிமை அதிகம் என்று நபிகளார் (ஸல்) சொல்லக் கேட்டிராவிட்டால் இந்த விலைக்குத் தந்திருக்கமாட்டேன் என்று கூறிவிட்டு, ஸஅதிடமே ஒப்படைத்தார்.

இந்த ஹதீஸை இரு மத்ஹபுகளும் இருவிதமாக விளங்கியுள்ளன. ஹனஃபி மத்ஹபில் முதல் உரிமை சொத்தின் கூட்டுப் பங்காளிக்கு. அடுத்தது வழி, தண்ணீர் முதலியவற்றில் பங்குள்ளவருக்கு. அதற்கும் அடுத்தது ஒட்டியுள்ள அண்டை வீட்டாருக்கு. விற்பனைச் செய்தி கேட்டவுடன் உரிமை கோர வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு. ஷாஃபி மத்ஹபில் பிரிக்கப்படாத சொத்தின் பங்காளிக்கு மட்டுமே ஷுஃப்ஆ. எல்லை வகுத்து, வழி பிரித்த பிறகு அந்த உரிமை இல்லை. அதே பாடத்தில் ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அவர்களுக்கு ஆதாரம்.

சட்டம் நம்மைக் கட்டாயப்படுத்துமா என்று கேட்டால், இல்லை. 1870-ஆம் ஆண்டிலேயே சென்னை உயர் நீதிமன்றம் முன்வாங்கும் உரிமையை இந்த மாகாணத்து முஸ்லிம்களிடையே சட்டமாக ஏற்க மறுத்துவிட்டது. பின்னர் 1962-இல் உச்ச நீதிமன்றம், அண்டை வீடு என்ற ஒரே காரணத்தின் மேல் கோரப்படும் முன்வாங்கும் உரிமை அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. ஆகவே நீதிமன்றம் இதில் நமக்கு வழிகாட்டாது. அபூராஃபிஉ (ரலி) அவர்களையும் எந்த நீதிமன்றமும் அழைத்து வரவில்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

நடைமுறையில் இதன் பொருள் எளிது. வீட்டை விற்கப்போகிறோம் என்ற செய்தி முதலில் தரகருக்கல்ல, சுவருக்கு அப்பால் இருப்பவருக்கே தெரிய வேண்டும். பங்காளி இருந்தால் அவருக்குத் தெரிவிக்காமல் விற்கலாகாது என்பது முஸ்லிமில் வரும் ஹதீஸ். நம் ஊர்களில் அருகருகே உள்ள வீடுகள் பல, ஒரே பாட்டனாரின் மனையிலிருந்து பிரிந்தவை. வீடு பிரிந்திருக்கும், ஆனால் பட்டா கூட்டுப் பட்டாவாகவே இருக்கும். கிணறும் கொல்லை வழியும் பொதுவாகவே கிடக்கும். காயல்பட்டினம் போன்ற ஊர்களில் பெண்கள் நடமாடுவதற்கென்றே வீடுகளுக்கு இடையில் முடுக்குகள் இருக்கின்றன. வெளியார் ஒருவர் வாங்கி அவ்வழியை அடைத்தால், ஒரு தெருவின் பெண்கள் அனைவருக்கும் தொல்லை. இத்தகைய இடங்களில் அண்டை வீட்டாரைக் கேட்காமல் விற்பதை மத்ஹபு வேறுபாடு பேசி நியாயப்படுத்த முடியாது.

இரண்டு வீடுகளும் விலைக்கு நிற்கும்போது எழும் சோதனைகளில் முதன்மையானது நாவின் சோதனை. வந்தவர், "பக்கத்து வீட்டில் ஏதும் குறை உண்டா?" என்று கேட்பார். ஆலோசனை கேட்டவருக்கு உண்மையைச் சொல்வது கடமைதான். ஆனால் அதே தெருவில் விலை கூறி நிற்பவர் நடுநிலை ஆலோசகர் ஆகமாட்டார். "அவர்களிடமே கேளுங்கள், மழைக்காலத்தில் ஒருமுறை வந்து பாருங்கள்" என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தம் வீட்டின் குறையை மட்டும் கேளாமலே சொல்லிவிட வேண்டும். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளை விளக்கினால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிந்துவிடும் என்பது ஹகீம் பின் ஹிஸாம் (ரலி) அறிவிக்கும் ஹதீஸின் கருத்து. அதிலும் பொதுச் சுவரில் ஓதம் ஏறியிருந்தால், அது இரு வீட்டுக் குறை. ஒருவர் மறைத்து மற்றவர் சொன்னால், உண்மை சொன்னவர் வீடு விலை போகாமல் நிற்கும். சகோதரி இதை மாமியோடு கலந்து, இருவரும் ஒரே செய்தியைச் சொல்வதென்று முடிவு செய்துகொள்ளலாம்.

கைப்பேசியில் மைத்துனரை அழைத்து, "நான் 45 தருகிறேன்" என்று வந்தவர் காதில் விழப் பேசச் சொல்லும் தந்திரமும் நடக்கிறது. இதற்கு நஜ்ஷ் என்று பெயர். வாங்கும் எண்ணமின்றி விலையை ஏற்றுவது. இதுவும் தடுக்கப்பட்டதே. விவரிக்கத் தேவையில்லை.

பத்திர விலையைப் பற்றி மட்டும் ஒரு சொல். தமிழகத்தில் கிரயப் பத்திரத்திற்கு இப்போது முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 38 இலட்சத்திற்கு இது 3 இலட்சத்து 42 ஆயிரம் ரூபாய். வழக்கமாக வாங்குபவரே கட்டுவார். ஆகவே அவர் இரு வீட்டாரிடமும், "பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் எழுதிக்கொள்வோம், மீதியைக் கையில் தருகிறேன்" என்பார். ஒருவர் இணங்கினால் மற்றவரும் இணங்கியே தீர வேண்டிய நெருக்கடி உண்டாகும். கொடுத்த விலை ஒன்று, எழுதிய விலை ஒன்று என்றால் அது பொய்ச் சாட்சியம். அதில் இரண்டு சாட்சிகளைக் கையொப்பமிடவும் வைக்கிறோம். இதை "ஊர் வழக்கம்" என்று சொல்லி அலட்சியமாகக் கடந்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை.

சகோதரியின் கடிதத்திற்கே திரும்புவோம். மாமியின் நிலையை அவர் கணவர் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இறந்தவருடைய கடன் அடைபடும் வரை அவருடைய ஆன்மா அதனோடு பிணைக்கப்பட்டிருக்கும் என்ற நபிமொழியை நாம் ஜனாஸா வீடுகளில் அடிக்கடி கேட்கிறோம். அந்த 38 இலட்சத்தில் கடன்காரருக்குச் சேர வேண்டியது போக மீதியில்தான் மாமி வேறொரு சிறு வீடு பார்க்க வேண்டும். இவர்களுக்கோ மகன் வீடு காத்திருக்கிறது. சில மாதம் தாமதித்தாலும் தலைக்கு மேல் கூரை உண்டு. 36-க்கு இறங்கத் துணிந்தவர் அதே 36-க்கு மூன்று மாதம் கழித்தும் விற்கலாம். அந்த ஆறு இலட்ச ரூபாய் விட்டுக்கொடுப்பை வேறொரு வாங்குபவருக்குத் தாராளமாகச் செய்யட்டும்.

வியாழக்கிழமைக்கு முன் சகோதரி தாமே மாமியிடம் சென்று, தரகர் வந்து பேசியதைச் சொல்லிவிடுவது நல்லது. பிறர் வாயிலாகத் தெரிந்தால் அது வேறுவிதமாகத் தெரியும். அப்படியே பொதுச் சுவரின் பேச்சையும் எடுக்கட்டும். அது யாருடையது, அல்லது இருவருக்கும் பொதுவானதா, மழைநீர் எந்தப் பக்கம் இறங்க வேண்டும், கொல்லை வழியில் யாருக்குப் போக்குவரத்து என்பவற்றை மூலப் பத்திரங்களைப் பார்த்து, நில அளவையாளரை வைத்து ஒருமுறை அளந்து, இரு கிரயப் பத்திரங்களிலும் ஒரே வாசகமாக எழுதச் சொல்ல வேண்டும். மாமியின் பத்திரம் முதலில் பதிவாகும் என்பதால், அதில் எழுதப்படும் வாசகமே பின்னால் வரும் பத்திரத்திற்கும் அடிப்படையாகும். பத்திர எழுத்தரிடம் சகோதரியின் கணவரும் உடன் செல்வது இருவருக்கும் நல்லது.