மூன்றே கால் முழம்

சென்ற கார்த்திகையில் ஒரு நாள் விடியற்காலம், நமது சங்கத்து அங்கத்தினர் ஒருவர், நெய்து முடித்த துண்டுகளைக் கட்டாகக் கட்டிச் சைக்கிளின் பின்புறம் ஏற்றிக்கொண்டு சங்கத்துக்கு வந்துகொண்டிருந்தார். பின்னால் வந்த பார லாரி ஒன்று அவரை ஒட்டினாற்போல் முந்திச் சென்றது. லாரி அவர்மீது படவில்லை, கட்டின்மீதும் படவில்லை. ஆயினும் அவர் நிலை தடுமாறி, தார் ரஸ்தாவின் விளிம்பிலிருந்து சரளைக்கல்லில் விழுந்தார். வலது மணிக்கட்டு ஒடிந்தது. நாடாக் கயிற்றை இழுக்கும் கை அது. மூன்று மாத காலம் அவருடைய தறி ஓய்ந்து நின்றது.

போலீஸாரிடம் முறையிட்டபோது, "லாரி இடித்ததா?" என்று கேட்டார்கள். அவர் பொய் சொல்லத் தெரியாதவர். "இடிக்கவில்லை" என்றார். அத்துடன் விசாரணை முடிந்தது. தாமாகவே விழுந்தார் என்று எழுதிக்கொண்டார்கள்.

விதி என்றார் ஒருவர். லாரிக்காரர்களின் அகந்தை என்றார் மற்றொருவர். நமது அபிப்பிராயம் வேறு. குறை, சட்டத்தின் வாசகத்தில் இருக்கிறது.

மோட்டார் வாகனங்களை ஓட்டுவதற்கான ஒழுங்குமுறைகள் 2017இல் புதிதாக வகுக்கப்பட்டன. பாதசாரிகள், சைக்கிளில் செல்வோர், குழந்தைகள், முதியோர் ஆகியோர் விஷயத்தில் ஓட்டுநர் விசேஷக் கவனம் கொள்ள வேண்டும் என்று அவை கூறுகின்றன. நல்ல சொற்கள்தாம். ஆனால் சைக்கிளை முந்தும்போது எத்தனை அடி விலகிச் செல்ல வேண்டும் என்ற அளவு அவற்றில் இல்லை. நமது சங்கம் நெசவாளியிடம், "போதிய நீளமுள்ள துண்டு நெய்து வா" என்று சொல்வதுண்டா? இத்தனை அங்குலம் என்று வரையறுத்துச் சொல்கிறது. வாங்கும்போது அளந்தும் பார்க்கிறது. ஓர் அங்குலம் குறைந்தாலும் கணக்கர் முகம் சுளிக்கிறார்.

பிற நாடுகளில் இந்த அளவு எண்ணாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஜெர்மனியில் 2020ஆம் ஆண்டு முதல், மோட்டார் வண்டி சைக்கிளை முந்தும்போது ஊருக்குள் 1.5 மீட்டரும், ஊருக்கு வெளியே 2 மீட்டரும் இடைவெளி விட வேண்டும். பிரான்ஸில் ஊருக்குள் 1 மீட்டர், வெளியே 1.5 மீட்டர். பிரிட்டனில் 2022 ஜனவரியில் திருத்தப்பட்ட சாலை நெறி நூல், மணிக்கு 30 மைல் வேகம் வரையில் குறைந்தது 1.5 மீட்டர் என்றும், வேகம் கூடினால் இடைவெளியும் கூட வேண்டும் என்றும் சொல்கிறது. ஒன்றரை மீட்டர் என்பது நம் கணக்கில் ஏறக்குறைய மூன்றே கால் முழம்.

இவ்வளவு எதற்கு என்று கேட்கலாம். வேகமாக வரும் பெரிய வண்டி, காற்றை முன்னே தள்ளிக்கொண்டு வருகிறது. அந்தக் காற்று சைக்கிளை முதலில் ஓரத்துக்குத் தள்ளும். வண்டி கடந்தவுடன் அதன் பக்கமாக இழுக்கும். வெறுங்கையாகச் செல்பவர் ஒருவாறு சமாளித்துக்கொள்வார். பாவும் நூல் மூட்டையும் ஏற்றி வருபவரும், விடியுமுன் உழவர் சந்தைக்குக் காய்கறி மூட்டையுடன் புறப்படும் குடியானவரும் என்ன செய்வார்கள்? அரசு வழங்கிய சைக்கிளில் புத்தகப் பையுடன் பள்ளிக்குச் செல்லும் மாணவியும் அதே ரஸ்தாவில்தான் செல்கிறாள்.

"ஓடுகிற லாரியின் பின்னால் முழக்கோலை எடுத்துக்கொண்டு யார் ஓடுவது?" என்று நண்பர் ஒருவர் பரிகாசம் செய்தார். ஓட வேண்டியதில்லை. லாரியின் அகலம் 2.6 மீட்டர் வரை இருக்கலாம். இருவழிச் சாலையின் தார்ப்பகுதி 7 மீட்டர். விளிம்பிலிருந்து சைக்கிளுக்கும் அதன் சுமைக்கும் 1 மீட்டர் என்று வைத்து, அதற்கப்பால் ஒன்றரை மீட்டர் விலக வேண்டுமானால், லாரி நடுக்கோட்டைத் தாண்டியே ஆக வேண்டும். தாண்டிற்றா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். எதிரே வண்டி வருமானால் சற்றுப் பொறுத்துப் பின்னால் வருவதுதான் வழி. ஒருவழி அகலமுள்ள கிராமச் சாலையிலோ தார் 3.75 மீட்டர்தான், லாரி போக மிஞ்சுவது 1.15 மீட்டர். அங்கே முந்துவதற்கே இடமில்லை. சைக்கிள்காரர் ஒதுங்குவதற்கு இடம் வரும் வரையில் லாரி மெதுவாகப் பின்தொடர வேண்டும். அளவு சட்டத்தில் ஏறிவிட்டால், போலீஸார் கேட்கும் கேள்வியும் மாறும். "இடித்ததா?" என்பதற்குப் பதில் "எவ்வளவு விலகிச் சென்றது?" என்று கேட்பார்கள்.

நம்மிடமும் குற்றம் உண்டு என்பதை மறைக்கலாகாது. முன்னாளில் இரவில் விளக்கில்லாமல் சைக்கிள் விட்டால், போலீஸ்காரர் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கி விடுவார். வீடு வரையில் தள்ளிக்கொண்டே போக வேண்டும். அவமானமாக இருக்கும், ஆனால் மறுநாளே விளக்கு வந்துவிடும். இப்பொழுது அந்தக் கெடுபிடி இல்லை, விளக்கும் இல்லை. நம் சங்கத்து வாசலில் நிற்கும் சைக்கிள்களில் பின்புறம் சிவப்புப் பிரதிபலிப்பான் உள்ளவை எத்தனை என்று சென்ற வாரம் எண்ணத் தொடங்கி, வெட்கத்தால் பாதியில் நிறுத்திவிட்டோம். நாற்கரச் சாலையில் எதிர்த்திசையில் வருவோரும் நம்மில் பலர். நடுத்தடுப்பின் திறப்பு ஒரு மைலுக்கு அப்பால் இருக்கிறது என்பார்கள். சுமையுடன் இரண்டு மைல் வீணாக மிதிப்பது கஷ்டந்தான். சாலை போட்டவர்கள் அதை யோசித்ததாகத் தெரியவில்லை. எனினும் எதிர்த்திசையில் வருபவருக்கு எந்த இடைவெளிச் சட்டமும் துணை நிற்காது.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 118ஆம் பிரிவின்படி, இவ்வொழுங்குமுறைகளை வகுக்கும் அதிகாரம் மத்திய சர்க்காருக்கு உரியது. ஆகவே நமது மகாசபைத் தீர்மானம் டில்லிக்குப் போக வேண்டும். நகல் சென்னைக்குப் போகட்டும். அதே கூட்டத்தில் விளக்குகளையும் பிரதிபலிப்பான்களையும் சங்கமே மொத்தமாக வாங்கி, கூலியிலும் சரக்குப் பணத்திலும் தவணையாகப் பிடித்துக்கொள்ள ஏற்பாடு செய்யலாம். இரண்டையும் ஒன்றாகவே செய்ய வேண்டும் என்பது நமது எண்ணம்.

மணிக்கட்டு ஒடிந்த நெசவாளி மறுபடியும் தறியில் உட்கார்ந்துவிட்டார். பிற்பகலில் கை வீங்குவதால் அரை நாள் வேலைதான் நடக்கிறது. தீர்மானத்தை முன்மொழிவதற்கு அவர் இசைந்திருக்கிறார்.