உப்பு போடாத தோலும் ராஜா சாண்டோவும்

போன மாதம் எங்கள் டிபார்ட்மென்ட்டில் ஒரு வினாடி வினா. கேள்வி: தமிழ் சினிமா தொடங்கிய ஆண்டு எது? எங்கள் டீம் 'கீசக வதம்' காலத்தைச் சொன்னது. தப்பாம். 1931, 'காளிதாஸ்' என்பதுதான் சரியான விடையாம். மார்க் போச்சு. போகட்டும், பரிசு என்னவோ ஒரு பேனா செட்தான். ஆனால் அன்றைக்கு ஏறிய கடுப்பு இன்னும் இறங்கவில்லை. அதனால்தான் இந்தப் புலம்பல்.

'கீசக வதம்' எடுத்த ஆர். நடராஜ முதலியார் பிறந்த ஊர் எது தெரியுமா மக்களே? வேலூர். நம்ம வேலூர். மோட்டார் உதிரிபாக வியாபாரம் செய்துகொண்டிருந்தவர், பூனாவில் ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற வெள்ளைக்காரரிடம் கேமரா பழகி, சென்னையில் ஸ்டுடியோ போட்டுப் படம் எடுத்தார். அது வெளிவந்தது 1916 என்பார்கள், 1917 என்பார்கள், 1918 என்றும் சொல்வார்கள். எந்த ஆண்டு என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடுங்கள். ஆனால் அது 1931 இல்லை. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்தவருடைய ஊரில் உட்கார்ந்துகொண்டு, அந்தப் படத்தைச் சொன்னதற்கு மார்க் கிடையாது என்றால், சிரிப்பதா அழுவதா?

"அது ஊமைப் படம்பா, அதுல தமிழ் எங்க இருக்கு?" என்றான் ஒரு நண்பன். இந்த ஒரு வரிதான் என் பிரச்சனையே. ஊமைப் படத்திலும் நடுநடுவே எழுத்து அட்டைகள் வரும். 'கீசக வதம்' படத்தில் தமிழிலேயே வந்தன. அதை விடுங்கள், 'காளிதாஸ்' எப்படிப்பட்ட தமிழ்ப் படம்? டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேசுவார், கதாநாயகன் தெலுங்கில் பேசுவார். அது தமிழ்ப் படமாம், தமிழ் அட்டை போட்டது தமிழ்ப் படம் இல்லையாம். நல்லா இருக்குப்பா உங்க நியாயம்!

இந்தக் கணக்கை ஏற்றுக்கொண்டால் 1931-க்கு முன்னால் உழைத்த ஒரு தலைமுறையையே துடைத்துப் போட வேண்டியதுதான். அப்படித் துடைக்கப்பட்டவர்களில் ஒருவருக்காகத்தான் இன்றைக்கு வக்காலத்து. பெயர் பி.கே. ராஜா சாண்டோ.

சாண்டோ என்றதும் எல்லோருக்கும் ஞாபகம் வருவது யானையும் பாம்பும் வைத்துப் படம் எடுத்த சின்னப்பா தேவர்தான். இவர் அவருக்கு முந்தியவர். புதுக்கோட்டைக்காரர். இயற்பெயர் நாகலிங்கம். உடற்பயிற்சியில் தேர்ந்த உடம்பு. அந்தக் காலத்தில் யூஜின் சாண்டோ என்ற பயில்வானுக்கு உலகம் முழுக்கப் பெயர். உடம்பைத் தேற்றியவன் எல்லாம் இங்கே சாண்டோ ஆனது அப்படித்தான். நாகலிங்கம் பம்பாய்க்குப் போனார். எஸ்.என். பாடங்கரின் நேஷனல் பிலிம் கம்பெனியில் ஸ்டண்ட் ஆளாகச் சேர்ந்தார். 1922-இல் 'பக்த போதனா'வில் கதாநாயகன். அதற்குச் சம்பளம் 101 ரூபாய் என்பார்கள்.

அதற்கப்புறம் ஏறுமுகம்தான். 1923-இல் 'வீர் பீம்சேன்'. 1926-இல் 'டெலிபோன் கேர்ள்', 'டைப்பிஸ்ட் கேர்ள்'. 1927-இல் சந்துலால் ஷாவின் 'குணசுந்தரி'. கூட நடித்தவர்கள் யார்? சுலோச்சனா, கோஹர். அன்றைய பம்பாயின் உச்ச நட்சத்திரங்கள். படத்தின் பெயர்களைக் கவனியுங்கள். டெலிபோன் ஆபீஸில் வேலை செய்யும் பெண், டைப் அடிக்கும் பெண். பீமனாக வந்த புதுக்கோட்டைக்காரர் இரண்டே மூன்று வருஷத்தில் வேலைக்குப் போகும் பெண்களின் கதைகளுக்குள் வந்துவிட்டார். பேச்சு கிடையாது என்பதால் பாஷையும் தடையில்லை. தமிழன் பம்பாயில் ஹீரோவாக நிற்க முடிந்த காலம் அது.

1928-இல் 'ஸ்நேஹ ஜோதி' மூலம் டைரக்டர் ஆனார். அங்கேயே இருந்திருந்தால் சௌகரியமாக இருந்திருக்கலாம். சென்னைக்கு வந்தார். ஆர். பத்மநாபனின் அசோசியேட்டட் பிலிம்ஸில் வரிசையாகப் படங்கள்: 'பேயும் பெண்ணும்', 'நந்தனார்', 'அநாதைப் பெண்', 'உஷா சுந்தரி', 'ராஜேஸ்வரி'. எல்லாம் 1930-31 வாக்கில். 'அநாதைப் பெண்' வை.மு. கோதைநாயகி அம்மாளின் நாவல். ஊரெல்லாம் புராணமாக எடுத்துத் தள்ளிக்கொண்டிருந்த நேரத்தில், உயிரோடு இருந்த ஒரு பெண் எழுத்தாளரின் சமூக நாவலைப் படமாக்கியிருக்கிறார். பிற்பாடு 'தியாகபூமி' எடுத்த கே. சுப்ரமணியம் சினிமா பழகியது இந்தக் கம்பெனியில்தான். 'காளிதாஸ்' நாயகி ராஜலட்சுமியும் இவருடைய ஊமைப் படங்களில் நடித்துவிட்டுத்தான் அங்கே போனார். தமிழ் சினிமா பேச ஆரம்பித்த நாளில் பேசிய வாய், சாண்டோவின் கேமரா முன்னால் பேசாமல் நடித்துப் பழகிய வாய். இதற்குப் பிறகும் 1931-தான் தொடக்கமா?

இப்போது 'நந்தனார்' விஷயத்துக்கு வருகிறேன். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைக்காரர்கள் கொஞ்சம் காது கொடுங்கள். பெரியபுராணத்து நந்தனாருக்கு என்ன வேலை? கோயில் முரசுகளுக்குத் தோலும் வாரும் கொடுப்பது. வீணைக்கும் யாழுக்கும் நரம்பு கொடுப்பது. அவர் கொடுத்த தோல் கோயிலுக்குள் போகலாம், அவர் போகக் கூடாது. நம்ம பகுதி வயிறு வளர்ப்பது தோலில்தான். தோலைத் தொட்டவனை ஊர் எப்படிப் பார்த்தது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நந்தனார் படம் என்றால் எல்லோரும் 1935-இல் கே.பி. சுந்தராம்பாள் லட்ச ரூபாய் வாங்கி நடித்ததைச் சொல்வார்கள், 1942-இல் தண்டபாணி தேசிகர் நடித்ததைச் சொல்வார்கள். சாண்டோ எடுத்தது 1930-இல். மதுரை மீனாட்சி கோயிலில் ஆலயப் பிரவேசம் நடந்தது 1939-இல். ஒன்பது வருஷம் முந்தி, பாட்டு இல்லாமல், வசனம் இல்லாமல், நந்தனாரைத் திரையில் நிற்க வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் அன்றைக்கு எந்தக் கோயிலுக்குள்ளும் போக முடியாதவர்களோ!

"சரி, படம் எப்படி இருந்துச்சு?" என்று கேட்பீர்கள்.

தெரியாது. பார்க்க முடியாது. படம் இல்லை.

இங்கேதான் என் எதிர்க்கட்சி நண்பன் பிடித்துக்கொண்டான். "ஒரு பிரேம் கூட கையில இல்ல. அப்புறம் எதை வெச்சு அவரைப் பெரிய ஆளுங்கறே?" நியாயமான கேள்விதான். ஒத்துக்கொள்கிறேன். ராஜா சாண்டோ மகத்தான டைரக்டர் என்று நான் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. 'நந்தனார்' படு மொக்கையாகக்கூட இருந்திருக்கலாம். அவர் சமூகப் படம் மட்டுமே எடுத்த புரட்சிக்காரரும் இல்லை. பேசும் படத்தில் 1935-இல் டி.கே.எஸ். சகோதரர்களை வைத்து 'மேனகா' எடுத்தவர்தான் 1938-இல் 'விஷ்ணு லீலா'வும் எடுத்தார். 1939-இல் பாகவதரை வைத்து எடுத்த 'திருநீலகண்டர்' பக்திப் படம்தான். 'சிவகவி'யை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் விலக வேண்டி வந்தது. 1943-இல் கோயம்புத்தூரில் காலமானார். ஏற்ற இறக்கம் எல்லாம் உள்ள ஒரு சாதாரண சினிமா வாழ்க்கைதான்.

ஆனால் நண்பா, மொக்கையா நல்லதா என்று சொல்லும் உரிமையே நமக்கு இல்லாமல் போனதுதானே என் புகார்! ஒருவருடைய வேலையை அழிய விட்டுவிட்டு, "வேலையைக் காட்டு, அப்புறம் மரியாதை தருகிறேன்" என்பது எந்த ஊர் நியாயம்? வீட்டை இடித்துவிட்டு முகவரி கேட்பது போல இருக்கிறது.

தென்னிந்தியாவில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊமைப் படங்கள் எடுத்திருக்கிறார்கள். அதில் இன்றைக்கு மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று: 'மார்த்தாண்ட வர்மா'. நாகர்கோவில் சுந்தர்ராஜ் தயாரித்து, பி.வி. ராவ் இயக்கியது. அது எப்படிப் பிழைத்தது தெரியுமா? நாவலின் உரிமை வைத்திருந்த திருவனந்தபுரம் புத்தக நிறுவனம் கேஸ் போட்டது. படம் தியேட்டரில் ஓடாமல் முடங்கியது. பிரிண்ட் அந்த நிறுவனத்திடமே கிடந்தது. 1970-களில் பூனா திரைப்பட ஆவணக் காப்பகம் அதை மீட்டது. அதாவது ஜனங்கள் விரும்பிப் பார்த்த படம் எல்லாம் போச்சு, கோர்ட்டில் மாட்டிய படம் மட்டும் தப்பித்தது. நம்ம லட்சணத்துக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

"அந்தக் காலத்து பிலிம், தானாவே அழிஞ்சிடும்" என்பது அடுத்த சமாதானம். பாதி உண்மை. நைட்ரேட் பிலிம் சுலபமாகத் தீப்பிடிக்கும், நாள்பட்டால் பிசுபிசுத்துப் பொடியாகும். ஆனால் அதே பிலிமைக் குளிர்ச்சியான இடத்தில் வைத்துப் பிரதி எடுத்துக் காப்பாற்றிய நாடுகள் இருக்கின்றன. இங்கே பேசும் படம் வந்ததும் ஊமைப் படத்துக்கு மதிப்பில்லை. பழைய பிரிண்டுகளை அதில் இருக்கும் வெள்ளிக்காகக் கரைத்து விற்றார்கள். தேசிய ஆவணக் காப்பகம் பூனாவில் வந்ததே 1964-இல்தான். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பச்சைத் தோலைப் பற்றி நம்ம ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும். உரித்த சில மணி நேரத்துக்குள் உப்பு போட வேண்டும். போட்டால் மாதக்கணக்கில் தாங்கும். போடாவிட்டால் அழுகி நாறும், அப்புறம் எந்த டேனரிக்குக் கொண்டு போனாலும் திரும்பி வராது. அழுகிய தோலைப் பார்த்து "தோல்னா அழுகத்தான் செய்யும்" என்று எந்த வியாபாரியாவது சொல்வானா? உப்பு போடாதவனைத்தான் திட்டுவான். இன்னொரு விஷயம், பிலிமில் படம் ஒட்டி நிற்பதே ஜெலட்டின் பூச்சில்தான். அந்த ஜெலட்டின் மாட்டுத் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவது. ஆக உவமைக்காக மட்டும் சொல்லவில்லை, நிஜமாகவே அது ஒரு தோல் சமாச்சாரம்.

நாம் என்ன செய்தோம்? உப்பு போடவில்லை, பெயர் வைத்தோம். ராஜா சாண்டோ பெயரில் தமிழ்நாடு அரசு விருது கொடுத்தது. மேடையில் அதை வாங்கியவர்களிடம் அவர் எடுத்த ஒரு ஊமைப் படத்தின் பெயரைக் கேட்டுப் பாருங்கள். விருதைக் குறை சொல்லவில்லை. ஆனால் பெயரை மட்டும் காப்பாற்றிவிட்டு வேலையைத் தொலைப்பது அஞ்சலி இல்லை, கணக்கை முடிப்பது.

இனி என்ன செய்யலாம்? போன படம் திரும்பாது, அது எனக்கும் தெரியும். ஆனால் அந்தப் படங்களுக்கு அடித்த நோட்டீஸ்கள், பழைய பத்திரிகை விளம்பரங்கள், போட்டோக்கள், பிறகு வந்த பேசும் படங்களின் பாட்டுப் புத்தகங்கள் எங்காவது இருக்கும். சென்னையில் ரோஜா முத்தையா நூலகம் போன்ற இடங்களில் இப்படிப்பட்ட காகிதங்களைச் சேர்த்து வைக்கிறார்கள். உங்கள் தாத்தா வீட்டு டிரங்குப் பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒரு தடவை திறந்து பாருங்கள். பழைய தியேட்டர் நடத்திய குடும்பம் என்றால் இரண்டு தடவை பாருங்கள். கிடைத்தால் போட்டோ எடுத்துப் பொதுவில் வையுங்கள்.

அப்புறம், அடுத்த வருஷம் வினாடி வினா நடத்தப் போகும் அண்ணன்மார்களே, அக்காமார்களே: கேள்வியை "முதல் தமிழ்ப் பேசும் படம் எது?" என்று மாற்றுங்கள். 'பேசும்' என்ற ஒரே ஒரு சொல்தான் கூடுதல். அந்த ஒரு சொல்லை விட்டால் நடராஜ முதலியாரும் ராஜா சாண்டோவும் இன்னொரு தடவை சாகிறார்கள்.

எனக்குப் பேனா செட் வேண்டாம்.