மன ஆலோசனைக்கு ஒரு வரைமுறை வேண்டாமா?

காய்ச்சல் என்றால் டாக்டரிடம் போகிறோம். அவர் பட்டம் பெற்றவரா, பதிவு பெற்றவரா என்று தெரிந்துகொள்ள வழியிருக்கிறது. போலி டாக்டர் என்றால் போலீஸ் பிடிக்கிறது. மனம் ஒடிந்தவன் போய் நிற்கும் இடத்தில் அந்தக் காவல் உண்டா? பெரும்பாலும் இல்லை.

பேசியும் கேட்டும் மனச்சிக்கலைத் தீர்ப்பது உளவியல் சிகிச்சை. முதுகலைப் பட்டத்துக்கு மேல் மருத்துவமனைப் பயிற்சியும் பெற்ற மருத்துவ உளவியலாளர்கள், 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் 'கவுன்சலர்' என்று பலகை மாட்டிக்கொள்ள, சில வாரப் பயிற்சியும் ஒரு சான்றிதழும் போதும் என்றாகிவிட்டது. இவர்களையும் ஒழுங்குக்குள் கொண்டுவர 2021இல் துணை மருத்துவத் தொழிலாளருக்கான தேசிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அதன் பயன் தெருவிலுள்ள பெயர்ப்பலகை வரை இன்னும் வந்து சேரவில்லை.

தேவையோ மலைபோல் இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய ஆய்வின்படி, வயது வந்தோரில் 100க்கு 10 பேருக்கு மேல் மனநலக் கோளாறு இருந்தது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையே பெறவில்லை. முறையான கதவு திறக்காவிட்டால் மக்கள் எந்தக் கதவையும் தட்டுவார்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி ஏர்வாடித் தீயில், சங்கிலியில் கட்டுண்டு 28 பேர் மடிந்ததை மறக்க முடியுமா?

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நமக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. மேஸ்திரியிடம் கன்னடத்தில் பேசிச் சமாளிக்கலாம்; மேலதிகாரியிடம் ஆங்கிலத்தில் பேசலாம். நெஞ்சில் கிடக்கும் துயரத்தை அந்த மொழிகளில் கொட்ட முடியுமா? தாய்மொழி அறிந்தவர் கிடைத்தாலும், ஒரு மணி நேரக் கட்டணம் ஒரு நாள் கூலியைத் தின்றுவிடும். மனநோய்க்கும் உடல்நோய்க்குச் சமமாக இன்ஷூரன்ஸ் தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. ஆனால் பல பாலிசிகள் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தருகின்றன. வாரம் ஒருமுறை வந்து பேசிச் செல்பவனுக்கு அதனால் என்ன பயன்?

செய்ய வேண்டியவை தெளிவானவை. ஆலோசனை தொழில் செய்யும் எல்லோரும் பதிவு செய்ய வேண்டும். பதிவு எண் பலகையில் இருக்க வேண்டும். அனுபவம் உண்டு, பட்டம் இல்லை என்பவர்களைத் தெருவில் விடாமல், மேற்பார்வையில் பயிற்சி பெற அவகாசம் தரலாம். கேட்ட ரகசியத்தை வெளியிடுபவர், நோயாளியின் பலவீனத்தைப் பயன்படுத்துபவர் மீது புகார் செய்ய எளிய வழி வேண்டும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகளில் தொழிலாளியின் மொழி தெரிந்த உளவியலாளர்களை நியமிக்க வேண்டும். படித்து வந்தவர்களுக்கு நல்ல சம்பளம் கொடுத்தால்தான் அவர்கள் அரசு வேலையில் நிலைப்பார்கள்.

அரசு செய்யட்டும் என்று நாமும் சும்மா இருக்கலாகாது. ஆலோசகரிடம் போனால் படிப்பையும் பதிவையும் கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2022இல் தொடங்கிய டெலி மானஸ் சேவை, 14416 என்ற எண்ணில் இரவு பகலாக, இலவசமாக, தமிழிலும் கிடைக்கிறது. பக்கத்து அறைத் தோழன் பல நாளாகத் தூங்காமல் இருந்தால் அந்த எண்ணை அவனுக்குச் சொல்லுங்கள்.

உடம்பை உழைப்புக்குக் கொடுக்கும் மக்களின் மனத்தை, யார் வேண்டுமானாலும் கைவைக்கும் சந்தைச் சரக்காக விட்டுவிடக் கூடாது. சட்டம் இருக்கிறது; அதை நடத்திக் காட்டுவதுதான் பாக்கி.