கேமராவும் கேஸ் கட்டும்! ஜல்லிக்கட்டை பீட்டா மடக்கியது எப்படி? நம்ம ஊர் மீட்டது எப்படி?

மதுரை:

மதுரை ஜில்லாவில் 'பீட்டா' என்ற பேரைத் தெரியாத ஆள் கிடையாது. முதல்வர் பேரை மாற்றிச் சொல்லும் கிழவிகூட பீட்டாவை சரியாகச் சொல்லி, கூடவே நாலு வசவும் சேர்த்துச் சொல்லும். 2017-ல் ஊருக்கு ஊர் கொடும்பாவி எரித்தோம்.

ஆனால் ஒரு விஷயம் யோசித்துப் பாருங்கள். அலங்காநல்லூர் வாடிவாசல் முன்னால் பீட்டா ஆட்கள் கூட்டம் கூட்டமாக வந்து மறியல் செய்ததாக யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? மாட்டுக்காரர்களோடு மல்லுக்கு நின்றார்களா? அப்படி எதுவும் இல்லை.

அப்புறம் எப்படி 2015 பொங்கலுக்கும், 2016 பொங்கலுக்கும் வாடிவாசல் பூட்டிக் கிடந்தது? மாடு வளர்த்தவன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டு வாசலில் ஏன் உட்கார்ந்திருந்தான்?

கேமராவும் கேஸ் கட்டும்தான் காரணம். திட்டித் தீர்ப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். அவர்கள் வேலை செய்கிற விதத்தை நாம் தெரிந்துகொள்ள வேண்டியது அதைவிட முக்கியம்.

குரங்குக் கூண்டில் பிறந்த வித்தை

பீட்டா 1980-ல் அமெரிக்காவில் ஆரம்பிக்கப்பட்ட அமைப்பு. ஆரம்பித்தவர்கள் இங்கிரிட் நியூகிர்க் என்ற பெண்ணும், அலெக்ஸ் பச்சேகோ என்ற வாலிபரும்.

மறு வருஷமே, 1981-ல், மேரிலாண்ட் மாநிலத்தில் சில்வர் ஸ்பிரிங் என்ற ஊரில் 17 குரங்குகளை வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு கூடத்தில் பச்சேகோ நைசாக சம்பளமில்லாத உதவியாளராகச் சேர்ந்தார். கேட் முன்னால் நின்று கோஷம் போடவில்லை. உள்ளே போய் வேலை பார்த்தார். ஆள் இல்லாத நேரத்தில் போட்டோ எடுத்தார். வெளி டாக்டர்களை ரகசியமாகக் கூட்டி வந்து காட்டி, சாட்சி தேடிக்கொண்டார். அதற்குப் பிறகுதான் போலீசுக்குப் போனார். ரெய்டு நடந்தது. அமெரிக்கா முழுக்க பரபரப்பு. 1985-ல் ஆராய்ச்சிக் கூட மிருகங்களுக்கான சட்டத்தையே அங்கே இறுக்கினார்கள்.

அன்றைக்குப் படித்த பாடம்தான் இன்று வரைக்கும் அவர்களுக்கு வழி. உள்ளே போ, படம் எடு, டாக்டரிடம் எழுதி வாங்கு, அதற்கு அப்புறம் கோர்ட்டு, கடைசியில் பத்திரிகை.

இன்னொரு பக்கம் கூத்தும் உண்டு. நடிகைகளுக்கு இலைதழையில் டிரஸ் போட்டு போட்டோ எடுப்பார்கள். தான் செத்த பிறகு தன் தோலை உரித்து பை தைக்க வேண்டும், கறியை சுட வேண்டும் என்று நியூகிர்க் உயிலே எழுதி வைத்திருக்கிறார். பைத்தியக்காரத்தனம் என்று நினைக்க வேண்டாம். நாங்கள் செய்தி போட வேண்டும் என்றுதான் அதைச் செய்கிறார்கள். நாங்களும் போடுகிறோம்! செலவில்லாத விளம்பரம்.

இந்தியாவுக்கு பீட்டா வந்தது 2000-ல், மும்பையில்.

முதல் கேஸ் பீட்டா போட்டதில்லை

இங்கே ஒரு உண்மையைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரலாம். ஜல்லிக்கட்டு கோர்ட்டு படி ஏறியது பீட்டாவால் இல்லை. ரேக்ளா பந்தயத்துக்கு அனுமதி கேட்டு நம்ம ஆள் ஒருவர் போட்ட மனுதான் ஆரம்பம். ஜல்லிக்கட்டில் மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனும் அந்த வழக்கில் சேர்ந்தார். 2006 மார்ச்சில் ஐகோர்ட்டு மதுரை கிளையில் நீதிபதி பானுமதி, ரேக்ளா, ஜல்லிக்கட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துத் தடை போட்டுவிட்டார்.

2007-ல் இரண்டு நீதிபதிகள் பெஞ்ச் அந்தத் தடையை நீக்கியது. ஊரே வெடி போட்டது. வழக்கு முடிந்தது என்று நாம் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

அவர்கள் வீட்டுக்குப் போகவில்லை. விலங்குகள் நல வாரியம் டெல்லிக்குப் போய் சுப்ரீம் கோர்ட்டில் அப்பீல் போட்டது. இந்த வாரியம் மத்திய அரசு அமைப்பு. 1960-ம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வந்தது. அந்தச் சட்டம் வரக் காரணமாக இருந்ததும், வாரியத்தின் முதல் தலைவராக இருந்ததும் நம்ம கலாஷேத்ரா ருக்மணிதேவி அருண்டேல் அம்மையார். 2018-ல் அரியானாவுக்கு மாற்றும் வரை வாரியத்தின் தலைமை ஆபீஸ் சென்னையில்தான் இருந்தது. ஆக, எல்லாம் வெளிநாட்டுச் சதி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட முடியாது. பீட்டா பின்னால் வந்து கைகோர்த்துக்கொண்டது.

கெசட்டில் ஒரே ஒரு வார்த்தை

தமிழக அரசு 2009-ல் ஜல்லிக்கட்டு ஒழுங்குமுறைச் சட்டம் கொண்டு வந்தது. நிம்மதி என்று நினைத்தோம். இரண்டே வருஷம்.

2011 ஜூலை 11-ந்தேதி. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. சர்க்கஸ் மாதிரி வித்தை காட்டப் பழக்கக் கூடாத மிருகங்கள் என்று ஏற்கனவே ஒரு பட்டியல் உண்டு. கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம். அந்த வரிசையில் புதிதாக ஒரு பேர் சேர்ந்தது. காளை!

புலியும் சிங்கமும் இருக்கிற பட்டியலில், ஏர் பூட்டுகிற காளை. எந்த ஊரிலும் கொடும்பாவி எரியவில்லை, யாரும் பஸ்ஸை மறிக்கவில்லை. அன்றைக்கு எத்தனை பேருக்கு இது செய்தியாகத் தெரிந்தது? எங்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

மூன்று வருஷம் கழித்து சுப்ரீம் கோர்ட்டில் நம்மை விழுத்தாட்டியதில் அந்த ஒரு வார்த்தைக்குப் பெரிய பங்கு உண்டு.

கூட்டத்தோடு கூட்டமாக வந்த கேமரா

2013 ஜனவரியில் அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் மூன்று ஊருக்கும் ஆள் வந்தது. கறுப்புக் கொடியோடு வரவில்லை, வேடிக்கை பார்க்கிற ஜனத்தோடு கேமரா வைத்துக்கொண்டு வந்தார்கள். வாடிவாசலின் முன்பக்கத்தை நாம் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர்கள் பின்பக்கத்தைப் பார்த்தார்கள்.

மாட்டின் வாலை முறுக்குவது, கடிப்பது, கண்ணில் எரிச்சல் பொருள் தடவுவது, குச்சியால் குத்துவது, சாராயம் ஊற்றுவது. இதெல்லாம் படத்தோடு அறிக்கையாகி கோர்ட்டு மேஜைக்குப் போனது.

மனசாட்சியைத் தொட்டுச் சொல்வோம். இதெல்லாம் நடக்கவே இல்லை என்று நம்மால் சொல்ல முடியுமா? பிள்ளை மாதிரி வளர்த்த காளைக்கு எந்த மாட்டுக்காரனும் இதைச் செய்ய மாட்டான். கோயில் காளைக்கு யாரும் செய்ய மாட்டார்கள். ஆனால் வாடிக்குப் பின்னால் நெரிசலில், பரிசு ஆசையில், குடித்துவிட்டு வந்தவன் செய்தான். பார்த்தவர்கள் "விடப்பா, மாடு வெளிய போகட்டும்" என்று விட்டோம். அந்தப் பத்து விநாடியைத்தான் அவன் படம் எடுத்துக்கொண்டு போனான். வருஷம் முழுக்க பருத்திக்கொட்டை ஊற வைத்துப் போட்டது, நீச்சல் அடிக்க விட்டது, மண் குத்த விட்டது, இதை எடுக்க அவன் தொழுவத்துக்கு வரவில்லை. நாமும் எடுத்து வைக்கவில்லை. கோர்ட்டில் நம்ம பக்கம் இருந்தது பெரும்பாலும் வீரம், பாரம்பரியம், ஆயிரம் வருஷம் என்கிற பேச்சு.

2014 மே 7-ந்தேதி நீதிபதிகள் கே.எஸ்.ராதாகிருஷ்ணன், பினாகி சந்திர கோஷ் தீர்ப்பு சொன்னார்கள். காளை ஓடுவது விளையாட்டுக்காக இல்லை, பயந்து ஓடுகிறது. பயமும் வேதனையும் இல்லாமல் வாழ காளைக்கு உரிமை உண்டு. எனவே ஜல்லிக்கட்டுக்குத் தடை. 2009 சட்டமும் செல்லாது. மத்திய சட்டத்தோடு மோதுகிற மாநிலச் சட்டம் என்றால் ஜனாதிபதி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். வாங்காமல் விட்டிருந்தார்கள். ஒரு கையெழுத்து!

2016 ஜனவரி 7-ல் மத்திய அரசு அனுமதி கொடுத்து அறிவிப்பு வெளியிட்டது. சரியாக ஐந்தாவது நாள் சுப்ரீம் கோர்ட்டில் தடை வாங்கிவிட்டார்கள். மாட்டுக்கு கொம்பு சீவி முடிக்கக்கூட நேரம் இல்லை.

நடிகர்களைத் தொட்டதில் சறுக்கல்

கோர்ட்டில் ஜெயித்தவர்கள் ஜனங்களிடம் தோற்றார்கள். 2017 ஜனவரி 16-ல் அலங்காநல்லூரில் தொடங்கியது, மறுநாள் மெரினாவுக்குப் பரவியது.

ஜல்லிக்கட்டை ஆதரித்த நடிகர் சூர்யா, சிங்கம்-3 பட விளம்பரத்துக்காகப் பேசுகிறார் என்று பீட்டா சொன்னது. சூர்யா தரப்பில் வக்கீல் நோட்டீஸ் பறந்தது. கடைசியில் பீட்டா மன்னிப்புக் கடிதம் கொடுத்தது. நடிகர் நடிகைகளை வைத்தே பேர் வாங்கிய அமைப்பு, ஒரு நடிகரிடம் மாட்டிக்கொண்டது.

நம்ம பக்கமும் தப்பு உண்டு. தெருநாய் தத்தெடுப்புக்காக பீட்டாவோடு சேர்ந்திருந்த திரிஷாவை இணையத்தில் சொல்லக் கூடாத வார்த்தைகளால் திட்டினார்கள், காரைக்குடி பக்கம் ஷூட்டிங்கை மறித்தார்கள். அவருக்கும் வாடிவாசலுக்கும் என்ன சம்பந்தம்? மாட்டைக் காப்பாற்றப் போனவர்கள் ஒரு பெண்ணை அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

மெரினா பாதி, பேப்பர் பாதி

ஜனவரி 21-ல் அவசரச் சட்டம். மறுநாள் முதல்வர் ஓ.பன்னீர்செல்வமே தொடங்கி வைக்க மதுரை வந்தார். நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று அலங்காநல்லூர்க்காரர்கள் வாடிவாசலைத் திறக்க மறுத்துவிட்டார்கள். அவர் திரும்பிப் போனார். 23-ந்தேதி சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. அன்று காலையே மெரினாவில் தடியடி நடந்தது தனிக் கதை.

இந்த முறை 2009-ல் செய்த தப்பைச் செய்யவில்லை. மத்திய சட்டத்துக்கே தமிழ்நாட்டுத் திருத்தம் என்று எழுதினார்கள். நாட்டு மாடு இனத்தைக் காப்பாற்றுவது நோக்கம் என்று சட்டத்திலேயே சேர்த்தார்கள். ஜனாதிபதி ஒப்புதலும் வாங்கினார்கள். கூடவே விதிமுறைகள்: திமிலை மட்டும்தான் பிடிக்கணும், 15 மீட்டர் தூரம் அல்லது 30 விநாடி அல்லது மூன்று துள்ளல், அதோடு விட்டுவிடணும். வாலைத் தொடக் கூடாது. கால்நடை டாக்டர் பார்த்த பிறகுதான் மாடு உள்ளே போகணும். மாடு காத்திருக்கிற இடத்தில் நிழல், தண்ணீர், போதுமான இடம்.

எதிர் தரப்பு சும்மா இருக்கவில்லை. 2017 பிப்ரவரியில் நடந்த போட்டிகளுக்கும் கேமரா வந்தது. மறுபடி மனு. ஐந்து நீதிபதிகள் பெஞ்ச் விசாரித்து 2023 மே 18-ல் சட்டம் செல்லும் என்று சொல்லிவிட்டது.

ஜெயித்ததும் மேளம் அடித்தோமே, தீர்ப்பை எத்தனை பேர் கவனித்தோம்? பாரம்பரியமா இல்லையா என்பதை சட்டசபை முடிவு செய்யட்டும் என்று கோர்ட்டு ஒதுங்கிக்கொண்டது. சட்டத்தைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு அந்த விதிமுறைகளுக்கு உண்டு. மாட்டுக்கு ஏற்படும் வலியும் வேதனையும் இவற்றால் பெருமளவு குறைகிறது என்றுதான் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். மெரினாவில் நின்ற பிள்ளைகள் இல்லாவிட்டால் சட்டமே வந்திருக்காது. ஆனால் சட்டம் கோர்ட்டில் நின்றது பேப்பரால். எதிராளியின் ஆயுதத்தை நாமும் எடுத்தோம், அவ்வளவுதான்.

பீட்டாவும் ஊருக்கு ஏற்ற மாதிரி வேஷம் மாற்றத் தெரிந்தவர்கள். 2023-ல் கேரளாவில் திருச்சூர் பக்கம் ஒரு கிருஷ்ணன் கோயிலுக்கு நிஜ யானைக்குப் பதில் கரண்டில் ஓடும் இயந்திர யானையை அவர்களே வாங்கிக் கொடுத்தார்கள். 'செய்யாதே' என்று சொல்லாமல் 'இதை வச்சு செய்' என்றார்கள். சண்டை இல்லை, வழக்கு இல்லை. வாடிவாசலுக்கு அப்படி எதையும் அவர்களால் கொண்டு வர முடியவில்லை. ஜல்லிக்கட்டு இல்லாவிட்டால் காளைக்கன்றை அடிமாட்டுக்குத்தானே விற்கணும் என்று மாடு வளர்ப்பவர்கள் கேட்ட கேள்விக்கும், நம்ம ஜனம் ஏற்றுக்கொள்கிற பதில் அவர்களிடம் இருந்து வரவில்லை.

அடுத்த கேஸ் எங்கே இருந்து வரும்?

அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரத்தில் இன்று ஆன்லைன் பதிவு, டோக்கன், டாக்டர் பரிசோதனை, இரட்டைத் தடுப்பு எல்லாம் இருக்கிறது. கீழக்கரையில் 2024-ல் பெரிய அரங்கமே திறந்தாச்சு. கார், டிராக்டர் என்று பரிசு ஏறியிருக்கிறது. அப்படி இருந்தும் 2023-ல் பாலமேட்டிலும், 2025-ல் அவனியாபுரத்திலும் மாடுபிடி வீரர்கள் செத்தார்கள். இரண்டு பேரும் வாலிப வயசு.

இத்தனை ஏற்பாடு இருக்கிற இடத்திலேயே இப்படி. சிவகங்கை, புதுக்கோட்டை பக்கம் கண்மாய்க்கரையிலும் பொட்டலிலும் நடக்கிற மஞ்சுவிரட்டுகளை நினைத்துப் பாருங்கள். தொழுவில் இருந்து விடுகிற மாடு ஒரு பக்கம், கட்டாமல் வெளியே அவிழ்த்துவிடுகிற மாடு இன்னொரு பக்கம். தடுப்பு எங்கே, டாக்டர் எங்கே? 2024-ல் சிறாவயல் மஞ்சுவிரட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவன் சின்னப் பையன்.

2023 தீர்ப்பின் கடைசிப் பகுதியில் ஒரு விஷயம் இருக்கிறது. விதிமுறைகளைக் கண்டிப்பாக அமல்படுத்தணும், அதற்கு மாவட்ட கலெக்டர்கள்தான் பொறுப்பு. எதிர் தரப்பு வக்கீல்கள் அந்த வரியை அடிக்கோடு போட்டு வைத்திருப்பார்கள் என்பதில் சந்தேகம் வேண்டாம்.

இப்போது படம் எடுக்க மும்பையில் இருந்து ஆள் வர வேண்டிய அவசியமும் இல்லை. மாட்டின் வாலைக் கடிக்கிறவனை பக்கத்தில் நிற்கிற அவன் மச்சானே செல்போனில் எடுத்து, பாட்டு போட்டு, ஸ்டேட்டஸ் வைத்துவிடுகிறான்.