ராமேஸ்வரத்தில் ஆட்டோவுக்கு முன்னால் பஸ்ஸைப் பாருங்கள்

ராமேஸ்வரம் போகாதவர்கள் நம் பக்கத்தில் குறைவு. போளூர், ஆரணி, கலசப்பாக்கம் என்று எந்த ஊரில் கேட்டாலும் "அப்பாவுக்குத் திதி கொடுக்கப் போனோம்", "தை அமாவாசைக்குப் போனோம்" என்பார்கள். போய் வந்தவர்களிடம் கோயிலைப் பற்றிக் கேட்டால் இரண்டு வார்த்தை சொல்வார்கள். ஆட்டோவைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவார்கள். இந்த நிலைமை மாற வேண்டும், மாற்ற முடியும் என்பது என் கட்சி.

ராமேஸ்வரம் ஒரு தீவு என்பதே பலருக்கு ஞாபகம் இருப்பதில்லை. பாம்பன் பாலம் தாண்டியதும் தீவு தொடங்குகிறது. ஒரு கோடியில் பாம்பன், மறு கோடியில் தனுஷ்கோடி. மொத்தமே சுமார் முப்பது கிலோமீட்டர் நீளம். நம் கணக்கில் சொன்னால் கலசப்பாக்கத்திலிருந்து திருவண்ணாமலைக்குப் போய் வருகிற தூரத்தைவிடக் குறைவு. இவ்வளவு சின்ன இடத்தைச் சுற்றிப் பார்க்கத்தான் நம் ஜனங்கள் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள்.

இந்தத் தீவுக்குப் போக நாம் செலவு பண்ணியதைப் பாருங்கள். 1914 பிப்ரவரியில் வெள்ளைக்காரன் கடலின் மேல் ரயில் பாலம் போட்டான். போட் மெயிலில் ஏறினால் தனுஷ்கோடி, அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், பிறகு ரயிலில் கொழும்பு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி ஊரே போயிற்று, பயணிகளோடு பாசஞ்சர் ரயிலும் போயிற்று. சிதைந்த பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினீயர் 46 நாளில் சரி செய்தார். 1988-ல் பஸ் போகிற இந்திரா காந்தி பாலம் வந்தது. பழைய ரயில் பாலம் பலவீனமாகி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். ஐந்நூறு கோடிக்கு மேல் செலவழித்துப் புதுப் பாலம் கட்டி 2025 ஏப்ரல் 6-ந்தேதி திறந்தார்கள். கப்பல் போவதற்காக நடுவில் ஒரு பகுதி அப்படியே லிஃப்ட் மாதிரி மேலே ஏறுகிறது. பெருமையான விஷயம்தான், மறுக்கவில்லை.

ஆனால் கடலைத் தாண்டுகிற இரண்டு கிலோமீட்டருக்கு இவ்வளவு யோசித்த நாம், இறங்கியபின் கோயில் வரை இருக்கிற இரண்டு கிலோமீட்டருக்கு என்ன யோசித்தோம்? பஸ் ஸ்டாண்டும் கோயிலிலிருந்து தள்ளித்தான் இருக்கிறது, ரயிலடியும் தள்ளித்தான் இருக்கிறது. விடியற்காலை மூட்டை முடிச்சோடு இறங்குகிற எழுபது வயதுக்காரருக்கு முதலில் எதிரே நிற்பது ஆட்டோ. "எட்டு இடம் பார்க்கலாம் சாமி, வாங்க" என்பதுதான் முதல் உபசாரம்.

அந்த எட்டு இடம் எவை? ராமர் பாதம், ராமர் தீர்த்தம், லட்சுமண தீர்த்தம், மிதக்கும் கல் இருக்கிற பஞ்சமுக ஆஞ்சநேயர், கலாம் அய்யா வீடு, இப்படிப் போகும் பட்டியல். இதில் கலாம் வீடு கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கிறது. லட்சுமண தீர்த்தமும் ராமர் தீர்த்தமும் பாம்பன் போகிற சாலை மேலேயே இருக்கின்றன. ராமர் பாதம் ஒன்றுதான் இரண்டு மூன்று கிலோமீட்டர் வடக்கே தள்ளி இருக்கிறது. கிரிவலம் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிற ஜனங்கள் நாம். கோயிலைச் சுற்றி இருப்பதைப் பார்க்க நமக்கு வண்டி எதற்கு?

தனுஷ்கோடி வேறு விஷயம். முன்பெல்லாம் மணலில் வேனை விட்டுத்தான் போக முடியும், அவர்கள் சொன்னதுதான் காசு. 2017-ல் அரிச்சல்முனை வரை தார் ரோடு போட்டுவிட்டார்கள். அரசு பஸ்ஸும் போகிறது. ஆனால் "பஸ் இல்லீங்க, வெயில் ஏறிடும்" என்று என்னிடமே ஒருவர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பஸ் வந்துவிட்டது. நானும் வீட்டுக்காரியும் ஜன்னலோரம் உட்கார்ந்து, இரண்டு பக்கமும் கடலைப் பார்த்துக்கொண்டே போனோம். ஒன்று மட்டும் கவனம்: சாயங்காலத்துக்கு மேல் அந்தப் பக்கம் விடமாட்டார்கள். காலையில் போவது நல்லது, கடைசி பஸ்ஸைக் கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"ஆட்டோக்காரரும் பிழைக்க வேண்டாமா?" என்று கேட்பீர்கள். கட்டாயம் பிழைக்க வேண்டும். புயலில் துறைமுகம் போன தீவு அது. மீன்பிடியும் யாத்திரிகர்களும்தான் அவர்களுக்குச் சோறு. வண்டிக்குத் தவணை கட்ட வேண்டும், ஆள் கொண்டுவந்து விட்ட லாட்ஜ்காரருக்கும் கடைக்காரருக்கும் கமிஷன் கணக்கு ஓடும். நான் அவர்களைத் திருடர்கள் என்று சொல்லவில்லை. எழுதிப்போட்ட கட்டணம் கண்ணெதிரே இல்லாத இடத்தில் யார் நின்றாலும் வாய்க்கு வந்ததைத்தான் கேட்பார்கள் என்று சொல்கிறேன். நம் திருவண்ணாமலையில் பௌர்ணமி ராத்திரி வெளியூர்க்காரர்களிடம் கேட்கிற காசு நமக்குத் தெரியாதா? அதைக் கேட்பவர்கள் நம் பிள்ளைகள்தானே?

ஆனால் தீபத் திருவிழாவுக்கு நம் மாவட்ட நிர்வாகம் ஆட்டோக் கட்டணத்தை அறிவிப்பதுண்டு. கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரத்தை மோட்டார் வாகனச் சட்டம் 67-ஆவது பிரிவு மாநில அரசுக்குக் கொடுத்திருக்கிறது. சென்னைக்கு 2013-ல் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய் என்று எழுதி வைத்தார்கள். அந்தத் தொகை இன்றைக்குக் கட்டாது என்றால் கூட்டி எழுதட்டும், டிரைவருக்கும் நியாயம் வேண்டும். நான் கேட்பது ஒரு போர்டு. ரயிலடியில் ஒன்று, பஸ் ஸ்டாண்டில் ஒன்று, அக்னி தீர்த்தத்தில் ஒன்று. தமிழிலும் இந்தியிலும் தெலுங்கிலும், கண்ணாடி போடாமல் படிக்கிற எழுத்தில்.

இன்னொரு தீவைப் பாருங்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கிற ஸ்ரீரங்கமும் தீவுதான். திருச்சி ஜங்ஷனில் இறங்கியவர் யாரையும் வழி கேட்க வேண்டியதில்லை. ஒண்ணாம் நம்பர் பஸ் வந்துகொண்டே இருக்கும். ஏறினால் ரங்கநாதர் கோயில். ஸ்ரீரங்கத்தில் ஆட்டோக்காரர்கள் பட்டினியா கிடக்கிறார்கள்? பஸ் இருக்கிற ஊரில் ஆட்டோ நமக்கு ஒரு வசதி. பஸ் கண்ணில் படாத ஊரில் அது வேறு வழியில்லாத கட்டாயம்.

ராமேஸ்வரத்துக்கும் அப்படி ஒரு பஸ் வேண்டும். ஒவ்வொரு ரயிலும் வருகிற நேரத்துக்கு வாசலில் நிற்க வேண்டும். ரயிலடி, பஸ் ஸ்டாண்டு, கோயில், ராமர் பாதம் என்று சுற்றி வர வேண்டும். இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்து ஈரத்தோடு வருகிற கிழவிக்கு உட்கார நிழலில் ஒரு பெஞ்சு வேண்டும், பக்கத்தில் சுத்தமான கழிப்பறை வேண்டும். பாலத்துக்கு ஆன செலவில் இது ஒரு துளி.

இது யாருக்காக என்றால், தறியில் உட்கார்ந்து முதுகு வளைந்தவர்களுக்காக. நம் பக்கத்து நெசவாளி வருஷக்கணக்காகச் சீட்டுப் போட்டுச் சேர்த்து, ஆயுளில் ஒரு தடவை ராமேஸ்வரம் போகிறார். ரயிலில் மூத்த குடிமக்களுக்கு இருந்த சலுகையை, ஆணுக்கு 40 சதவீதம், பெண்ணுக்கு 50 சதவீதம், 2020 மார்ச்சில் எடுத்தவர்கள் எடுத்ததுதான். முழு டிக்கெட் எடுத்துப் போய் இறங்குகிறவருடைய ஒரு நாள் கூலி, அரை மணி நேர ஆட்டோவில் போய்விடுகிறது. காசு போவதுகூடப் பரவாயில்லை. "சீக்கிரம் வாங்க, அடுத்த சவாரி இருக்கு" என்று விரட்டுகிறபோது, அப்பாவுக்குப் பிண்டம் போட்ட மனசு எங்கே அமைதியாகும்?

போகிறவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். முதலில் டவுன் பஸ்ஸைக் கேளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் வீட்டுப் பெண்களுக்கு டிக்கெட்டும் கிடையாது. கால் முடியாதவர்கள் தாராளமாக ஆட்டோவில் போங்கள், ஆனால் ஏறுவதற்கு முன்னால் தொகையையும் காத்திருக்கும் நேரத்தையும் பேசிவிடுங்கள். திரும்பி வந்ததும் ராமநாதபுரம் கலெக்டருக்கு ஒரு கார்டு எழுதுங்கள்: "கட்டண போர்டு வையுங்கள், ரயிலுக்கு பஸ் விடுங்கள்." இரண்டே வரிதான். நான் எழுதிப் போட்டுவிட்டேன். பென்ஷன் வாங்குகிற கைகளுக்கு இது பெரிய வேலை இல்லை.